துடைக்காத அச்சு

எங்கள் அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அச்சக்கா என்றால்தான் திரும்புவார்.

கம்ப்யூட்டரை வாடகைக்கு விடுவது எங்கள் தொழில். கையால் தொடக்கூடிய கம்ப்யூட்டர் அல்ல. பெரிய சர்வர்களுக்குள்ளே மென்பொருளால் பிரித்து உருவாக்கும் மெய்நிகர் இயந்திரங்கள். ஒருவர் கேட்ட உடனே ஒன்று தயாராக நிற்க வேண்டும். ஒவ்வொன்றையும் அடியிலிருந்து கட்டிக்கொண்டிருந்தால் கேட்டவர் வேறு கடை பார்த்துப் போய்விடுவார். அதனால் ஒரே ஓர் இயந்திரத்தை நன்றாகத் தயார் செய்து, அதை அச்சாக வைத்துக்கொண்டு நகல் எடுப்போம். அந்த அச்சைச் செய்பவர் அக்கா. எதிர் மேசையில் உட்கார்ந்து வாடிக்கையாளர்களின் போனை எடுப்பவள் நான்.

அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் என்பார்கள். அது முழு உண்மை இல்லை. லிஃப்ட் நடுவில் நின்றால் சிரிப்பார். அவர் டிபன் டப்பாவை யாராவது காலி செய்தால்கூடப் பொறுத்துக்கொள்வார். அரைகுறை வேலையை மட்டும் அவரால் பொறுக்கவே முடியாது.

அச்சு செய்வதில் கடைசி வேலை துடைப்பது. கொஞ்ச நேரம் ஓடிய இயந்திரத்துக்கென்று ஒரு பெயர், ஓர் அடையாள எண், சாவிகள், சோதனைக்காகத் திறந்த கணக்குகள் எல்லாம் சேர்ந்துவிடும். அவற்றை ஒன்றுவிடாமல் அழித்து, அணைத்துவிட வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு நகலும் முதல்முறை கண் திறக்கும்போது தனக்கென்று புது அடையாளம் வாங்கிக்கொள்ளும்.

"துடைக்காம நகல் எடுத்தா என்னக்கா ஆகும்?" என்று சேர்ந்த புதிதில் கேட்டேன்.

"ஒரே அடையாள அட்டையோட பத்து பேர் ஒரே வீட்டுக்குள்ள நுழைஞ்சு, இது என் வீடு, என் வீடுன்னு அடிச்சுக்குவாங்க."

விற்பனைத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் வாக்குறுதி. இல்லை என்ற சொல் அவர் வாயில் வராது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது மட்டும் அடுத்தவர் பொறுப்பு. ஒரு மதியம் அவர் அக்காவின் மேசைக்கு வந்தார்.

"புது அச்சு ரெடியா? கடைத்தெரு வியாபாரிங்க சங்கம் இன்னைக்கே வேணும்ங்குது."

"இன்னும் துடைக்கல. பொண்ணோட டீச்சர் வரச் சொல்லியிருக்காங்க, நான் இப்போ கிளம்பணும். காலையில வந்ததும் முடிச்சுத் தர்றேன். அதுவரைக்கும் தொடாதீங்க."

"சேச்சே, நான் ஏன் தொடப்போறேன்?"

அக்கா கிளம்பினார். வாக்குறுதி முதலாளியிடம் அனுமதி வாங்கி, தன் அறையிலிருந்தபடியே பட்டனை அழுத்தி, ஆளுக்கொரு நகலாகக் கொடுத்துவிட்டார். வியாபாரிகளும் மாலைக்குள் தங்கள் கடையின் இணையப் பக்கம், கணக்கு வழக்கையெல்லாம் அதில் ஏற்றிவிட்டார்கள்.

மறுநாள் காலை முதல் போன் ஒரு தையல்காரருடையது.

"ஏம்மா, என் கடைப் பக்கத்தத் திறந்தா பல் டாக்டர் பக்கம் வருது! யாருக்கு எந்தப் பல்லப் புடுங்கணும்னு எனக்கு எதுக்கும்மா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த போன் அந்தப் பல் டாக்டரம்மாவே. அவர் நோயாளிகளின் விவரம் தெரு முழுக்கத் தெரிகிறதாம். என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

அக்கா உள்ளே வந்தார். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டே பையைக்கூடக் கழற்றாமல் திரையைப் பார்த்தார். எல்லா நகல்களுக்கும் ஒரே அடையாள எண். எல்லாம் ஒரே இணைய முகவரியைக் கேட்டு முட்டிக்கொண்டிருந்தன. நேராக வாக்குறுதியின் அறைக்குப் போனார். கதவைச் சாத்தவில்லை.

"தொடாதீங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"டென்ஷன் ஆகாதீங்க. சின்ன விஷயம். முகவரிய மட்டும் மாத்தி விட்டுடுங்க."

"சின்ன விஷயமா? சோதனைக்கு நான் திறந்த கணக்கு உள்ளேயே இருக்கு. அதோட பாஸ்வேர்ட பச்சக் குழந்தை கண்டுபிடிக்கும். ஊரான் சொத்துக்குப் பின்கதவத் திறந்து போட்டு வெச்சிருக்கீங்க!"

"அப்படி ஒரு கணக்க உள்ள வெச்சது உங்க தப்புதானே?"

அக்காவின் கழுத்து நரம்பு புடைத்தது.

"காய் நறுக்கும்போது பலகையில கத்தி கிடக்கத்தான் செய்யும். நறுக்கி முடிக்கிறதுக்குள்ள அதத் தூக்கிக் குழந்தை கையில கொடுத்துட்டு, கத்திய ஏன் வெச்சேன்னு என்னைக் கேக்கறீங்களா?"

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அந்தக் கணக்க மட்டும் சத்தமில்லாம அழிச்சுடுங்கம்மா. வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்" என்றார்.

"ராத்திரியே எவனாவது நுழைஞ்சிருந்தா, தனக்குன்னு வேற கதவு வெச்சிருப்பான் சார். எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசாத்தான் எடுக்கணும். அவங்ககிட்ட உண்மையச் சொல்லணும்."

"சொன்னீங்கன்னா இங்க வேலையில இருக்க மாட்டீங்க."

அக்கா மேசைக்குத் திரும்பினார். வீட்டுக்காரரைப் போனில் அழைத்து, வேலை போகலாம் என்றார். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, இத்தனை கோபத்திலும் அக்காவுக்குச் சிரிப்பு வந்தது.

"பிரேக்க மிதிச்சு நல்லா யோசிச்சுக்கோ, ஆனா ரிவர்ஸ் மட்டும் எடுக்காதேங்கறார்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, "அந்தத் தையல்காரர் நம்பரப் போடு" என்றார்.

"ஐயா, உங்களுக்குக் கொடுத்த இயந்திரம் சரியா முடிக்காதது. உள்ள வேற யாராவது வந்திருக்கலாம். இப்பவே நிறுத்தறேன். சாயங்காலத்துக்குள்ள புதுசு தர்றேன்."

தையல்காரர் கத்தித் தீர்த்தார். அடுத்து நகைக்கடைக்காரர், அதற்கடுத்து மருந்துக்கடைக்காரர். எல்லா வசவையும் அக்கா வாங்கிக்கொண்டார்.

"நீங்க செய்யலன்னு சொல்லலாமேக்கா?"

"அவங்களுக்கு நாம எல்லாரும் ஒரே கம்பெனிதானே? கேள்வி கேக்காம அடுத்த நம்பரப் போடு!" என்று என்மேல் எரிந்து விழுந்தார்.

பிறகு அச்சைத் துடைத்தார். வேகமாகத் தட்டியவர், கடைசியில் மட்டும் ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படித்தார். அணைத்து, பூட்டி, ஒரு நகல் எடுத்து, அது தனக்கென்று புது எண் வாங்கிக்கொண்டதைப் பார்த்த பிறகே மற்றவற்றை எடுத்தார். சாயங்காலம் கடைத்தெரு மறுபடி ஓடியது. பல் டாக்டரம்மா மட்டும் எங்களை விட்டுப் போனார். அவர்மேல் குறை சொல்ல முடியாது.

முதலாளி வேலையை விட்டு அனுப்பும் பேச்சை அப்புறம் எடுக்கவில்லை. நன்றியும் சொல்லவில்லை. அந்த வாரக் கூட்டத்தில் வாக்குறுதி எழுந்து, "சின்னச் சிக்கல் வந்துச்சு. டீமா சேர்ந்து சரி பண்ணிட்டோம்" என்றார். சிலர் கை தட்டினார்கள்.

அக்கா எழுந்தார்.

"டீம் இல்ல. நீங்க உடைச்சீங்க, நான் ஒட்டினேன், வசவ நானும் இந்தப் பொண்ணும் வாங்கினோம். இனிமே துடைச்சு முடிக்காத இயந்திரத்த யாரும் நகல் எடுக்க முடியாது. பூட்டிட்டேன். முதலாளிக்கும் சேர்த்துத்தான்."

முதலாளி ஏசியின் ரிமோட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அடுத்த வருடம் வாக்குறுதிக்குப் பதவி உயர்வு. அறைக்குப் புதுத் திரைச்சீலை வந்தது. அக்காவுக்கு அதே நாற்காலி. வராந்தாவில் எதிரெதிரே வந்தால் இன்றும் அக்கா அவருக்கு வணக்கம் சொல்லமாட்டார்.

"இன்னுமாக்கா கோபம்?" என்று போன வாரம் கேட்டேன்.

"அந்த மனுஷன் ஒரு மன்னிப்புக்கூடக் கேக்கலையே" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.