சீனவெடியும் நாலு விருந்தாளிகளும்

அப்பா மத்தியானத்தில் வீட்டுக்கு வருகிறவர் அல்லர். துறைமுகத்துப் பக்கமாக இருந்த ஓர் அரசாங்கக் கந்தோரில் அவர் எழுதுவினைஞர். காலையில் சாப்பாட்டுப் பெட்டியுடன் லிங்கநகரிலிருந்து சைக்கிளில் புறப்பட்டால் பொழுது சாயத்தான் திரும்புவார். அதனால், காய்ச்சலென்று பள்ளிக்கூடம் போகாமல் படுத்திருந்த நான், உச்சி வெயிலில் அவருடைய சைக்கிள் மணி கேட்டதும் பாயில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு அப்போது எட்டு வயது. வெளிநாட்டுச் சாமான்கள் நாட்டுக்குள் வராத காலம் அது. சீனவெடியும் வரவில்லை. தீபாவளிக்கு வெடி வேண்டுமென்றால் யாராவது களவாகச் செய்துதான் கொடுக்கவேண்டும். அப்படிச் செய்தவர்களில் ஒருவர் என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. இலங்கைத்துறையில் மீன்பிடித்துக்கொண்டிருந்தவர், வள்ளம் பாறையில் மோதி உடைந்துபோனதால் எங்களோடு வந்து தங்கியிருந்தார். எங்கள் வளவின் பின்பக்கத்துக் கொட்டில்தான் அவருடைய தொழிற்சாலை. கரியையும் கந்தகத்தையும் வெடியுப்பையும் அவர் கலப்பார். கடதாசிக் குழல்கள் சுற்றுவது என் வேலை. அந்தக் கொட்டிலைப் பற்றி வெளியில் மூச்சுவிடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். நானும் ஒரு பிள்ளையிடமும் சொன்னதில்லை.

அந்த ஐப்பசியில் இறக்கக்கண்டிப் பக்கம் ஒரு பையனின் கையில் வெடி வெடித்து மூன்று விரல்கள் போய்விட்டன. அது மாமா செய்த வெடி அல்ல. அப்படித்தான் மாமா சொன்னார். அடுத்த கிழமையே சந்திகளில் அறிவித்தல் ஒட்டினார்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெடி செய்வதும் வைத்திருப்பதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றம் என்று அதில் இருந்தது. அதை எழுதியது அப்பா. அவருடைய கையெழுத்து அழகானது என்பதால் கந்தோரில் அந்த வேலை எப்போதும் அவருக்குத்தான் வரும். மாமா சந்தியில் நின்று அதை முழுவதும் வாசித்துவிட்டு வந்து, அத்தானின் எழுத்து அச்சுப்போல இருக்கிறது என்று அம்மாவிடம் மெச்சிக்கொண்டார். பிறகு கொட்டிலுக்குள் போய்விட்டார்.

அப்பா அவரைக் கூப்பிட்டு நிறுத்தச் சொன்னார். மாமா தலையைக் குனிந்துகொண்டு, "தீபாவளி மட்டும் பொறுங்கோ அத்தான். அதுக்குப் பிறகு தொடமாட்டன்" என்றார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அரிசி களையக் குனிந்துகொண்டார். அன்றிலிருந்து அப்பாவும் மாமாவும் கதைப்பதில்லை. ஒரே குசினியில் வேறு வேறு நேரத்தில் சாப்பிட்டார்கள்.

இந்த நிலையில்தான் அப்பா மத்தியானத்தில் வந்தார். மாமா அன்று விடியவே வெளியில் போயிருந்தார். அப்பா சைக்கிளைச் சுவரில் சாய்க்காமல், கையில் பிடித்தபடியே வாசலில் நின்றார்.

"பின்னேரம் வீட்டுக்கு ஆக்கள் வருவினம்" என்றார் அம்மாவிடம். "நாலு பேர். வளவைக் கொஞ்சம் துப்புரவாக்கி வையும்."

தண்ணீர்கூடக் குடிக்காமல் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

விருந்தாளிகள் வருகிறார்கள் என்று எனக்கு ஒரே புளுகம், காய்ச்சல்கூட மறந்துபோயிற்று. ஆனால் அம்மா செய்த முதல் காரியம், பாதி வெந்த சோற்றை இறக்கி வைத்துவிட்டு ஒரு குடம் தண்ணீரை அடுப்பில் ஊற்றியது. சாம்பல் புகையாக எழும்பியது. பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கொட்டிலுக்கு ஓடினார்.

உள்ளே இரண்டு சட்டிகளில் வெடிமருந்து இருந்தது. செய்து முடித்த வெடிகள் ஒரு சாக்கு நிறைய இருந்தன. அம்மா என் சட்டையை விரித்துப் பிடிக்கச் சொல்லி அதில் வெடிகளை அள்ளிப் போட்டார். வேலியோரத்தில் இருந்த கக்கூசுக் குழிதான் நாங்கள் போகவேண்டிய இடம்.

"ஓடாதை பிள்ளை. மெல்ல நட. ஒண்டும் கீழை விழக்கூடாது."

எத்தனை தரம் நடந்தேன் என்று ஞாபகமில்லை. அம்மா ஈரச்சீலையால் மூடிய சட்டியை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு, பாம்பின் மேல் நடப்பதுபோல அடி எடுத்து வைத்தார். அவருடைய நாடியிலிருந்து வியர்வை சொட்டியதையும் துடைக்கவில்லை. வேலிக்கு அப்பால் யாரோ தேங்காய் உரிக்கும் சத்தம் கேட்டபோதெல்லாம் அப்படியே நின்றார். கடைசிச் சட்டியும் குழிக்குள் போனபிறகு, வாளி வாளியாகத் தண்ணீர் அள்ளி ஊற்றினார். கொட்டில் நிலத்தைச் சுரண்டிப் புதுமணல் பரப்பினார். அப்போதும் கந்தக மணம் போகவில்லை. உடனே அடுப்பை மறுபடி மூட்டிக் கருவாடு பொரிக்கத் தொடங்கினார். விருந்தாளிகளுக்கு யாராவது கருவாடு கொடுப்பார்களா என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

சொன்னபடியே நாலு பேர் வந்தார்கள், பொலிஸ் ஜீப்பில். பெரியவர் நரைத்த மீசைக்காரர், நல்ல தமிழ் கதைத்தார். மற்ற மூவரும் கொட்டிலைக் கிளறினார்கள், அரிசிப் பானைக்குள் கைவிட்டார்கள், அலுமாரியைத் திறந்தார்கள். அகப்பட்டதெல்லாம் பழைய கடதாசிக் கட்டும் ஒரு நூல் பந்தும்தான். பட்டம் கட்டுவதற்கு என்றார் அம்மா. பெரியவர் ஓம் என்று தலையாட்டினார்.

அம்மா தேத்தண்ணி ஊற்றினார். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரியவர் கதிரையில் உட்கார்ந்து என் வகுப்பைக் கேட்டார், நெற்றியைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சலா என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அவர் அம்மாவைப் பார்த்து, "சொல்லாமல் கொள்ளாமல் வந்து உங்களுக்குக் கரைச்சல் குடுத்திட்டம்" என்றார்.

வந்தவர் மனம் கோணக்கூடாதே என்று நான் முந்திக்கொண்டேன்.

"இல்லை, நீங்கள் வருவீங்கள் எண்டு அப்பா மத்தியானமே வந்து சொன்னவர். நாலு பேர் எண்டும் சொன்னவர்."

கொட்டிலைப் பற்றிக் கதைக்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். அப்பாவைப் பற்றி யாரும் அப்படிச் சொல்லியிருக்கவில்லை.

பெரியவர் கோப்பையைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தார். அம்மாவின் கை கதவு நிலையைப் பிடித்திருந்தது. குசினியில் கருவாடு கருகிக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு எங்கே வேலை என்று பெரியவர் மெதுவாகக் கேட்டார். நான் பெருமையோடு கந்தோரின் பெயரைச் சொன்னேன். அவர் எழுந்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு, மற்ற மூவரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அப்பா வந்ததும் அம்மா அவரைக் குசினிக்குள் கூப்பிட்டுச் சொன்னார். அதற்குப் பிறகு அப்பா என்னிடம் வந்து, என்ன சொன்னேன் என்று கேட்டார். சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னேன். அவர் கனநேரம் என் தலையில் கையை வைத்திருந்தார்.

"பொய் ஒண்டும் சொல்லேல்லைத்தானே" என்றார். "படுங்கோ. காய்ச்சல் காயுது."

தீபாவளிக்கு எங்கள் தெருவில் வெடிச் சத்தமே இல்லை. மாமா கொட்டிலைப் பிரித்துவிட்டு, ஒரு கடையில் மூட்டை தூக்கப் போனார். கார்த்திகை முடிவதற்குள் அப்பாவுக்கு வன்னிக் காட்டோரத்தில் ஒரு சின்னக் கந்தோருக்கு மாற்றம் வந்தது. அந்தச் சோதனைக்கான கடிதம் அப்பாவின் மேசை வழியாகத்தான் போனது என்பதும், பென்சன் எடுக்கும்வரை அவர் அதற்கு மேலே ஒரு படியும் ஏறவில்லை என்பதும் நான் பின்னாளில் கூட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டவை. அப்போது எனக்குத் தெரிந்தது, நாங்கள் பெரிய பயணம் போகிறோம் என்பது மட்டும்தான். அப்பாவுக்குப் பெரிய வேலை கிடைத்திருக்கிறது என்று வகுப்பு முழுவதும் சொல்லிவைத்தேன்.

புறப்பட்ட காலையில் மாமா எங்கள் பெட்டிகளைத் தலையில் சுமந்துவந்து பஸ்ஸில் ஏற்றினார். பிறகு அப்பா இருந்த யன்னலோரம் வந்து நின்றார். இரண்டு மாதமாகக் கதைக்காத அப்பா வெளியே கையை நீட்டினார். மாமா அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, அத்தனை சனத்துக்கு நடுவில் விம்மி விம்மி அழுதார். என்னைப் பிரிவதற்காகத்தான் அழுகிறார் என்று நினைத்து எனக்கும் அழுகை வந்தது. அப்பாவின் மடியில் எழும்பி நின்று யன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "அழாதேங்கோ மாமா, லீவுக்கு நான் வந்திடுவன்" என்று அவருக்கு ஆறுதல் சொன்னேன்.