படகில் குனிந்து சிரித்த பிலோ அக்கா

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துவிடுங்கள். மணி ஒன்றரை. மகன் இப்போதுதான் தூங்கினான்.

பிலோமினா அக்கா போய்விட்டார். நேற்று மாலை நெஞ்சுவலி... ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஷிப்பிங் ஆபீசில் ஆறு வருடம் எனக்குப் பக்கத்து மேசை. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏய் பயந்தாங்கொள்ளி, சாப்பிட்டியா?"

புக்கிட் பாஞ்சாங்கில் அவர் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் உடலை வைத்திருக்கிறார்கள். நான் அங்கே போனதும் அவர் மகள் அனிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, அம்மா சிரிக்கிற போட்டோ ஒண்ணுகூட இல்ல. எப்பவும் அவங்கதான எடுப்பாங்க. பாஸ்போர்ட் போட்டோதான் இருக்கு... அதுல யாரையோ திட்டப்போற மாதிரி இருக்காங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும்.

சிரிக்கிற படம் ஒன்று இருக்கிறது. எனக்கு நன்றாகத் தெரியும். லைடனில் எடுத்தது.

ட்ரெய்னிங்குக்காக நாங்கள் ஏழு பேர் நெதர்லாந்து போனபோது கிடைத்த ஒரே லீவு, அந்தச் சனிக்கிழமை. லைடன் பழைய பல்கலைக்கழக ஊர். திரும்பிய பக்கமெல்லாம் கால்வாய், கால்வாயைத் தாண்டினால் மியூசியம்.

அந்த ஊரில் இருக்கும் ராஜராஜன் காலத்துச் சோழர் செப்பேட்டை அக்காவுக்குப் பார்த்தே ஆக வேண்டும். கண்ணில் பட்ட முதல் மியூசியத்தில் நுழைந்து கேட்டார். அது பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது, முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும் என்றார்கள்.

"ராஜராஜனைப் பாக்கவும் அப்பாயின்ட்மென்டா? பாலிகிளினிக் மாதிரில்ல இருக்கு!"

பசி வேறு. கால்வாய் ஓரக் கடையில் ஒரு மேசை காலியாக இருந்தது. அக்கா நம் சிங்கப்பூர்ப் பழக்கத்தில் அதன்மேல் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்து இடம் பிடித்துவிட்டு, ஆர்டர் கொடுக்க உள்ளே போனார்.

திரும்பி வந்தால் ஒரு டச்சுத் தாத்தாவும் பாட்டியும் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். தாத்தா அந்த டிஷ்யூவிலேயே மூக்கைச் சிந்திவிட்டு, எங்களைப் பார்த்து "தேங்க் யூ" என்றார். கடைக்காரர்கள் வைத்தது என்று நினைத்திருக்கிறார், பாவம்.

"என் சீட்டையும் எடுத்துக்கிட்டு, என் டிஷ்யூவையும் எடுத்துக்கிட்டு, தேங்க் யூ வேற சொல்றாரு பாருலா!"

அக்கா விடுவாரா? அவர்கள் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டார். பத்தே நிமிடத்தில் கைப்பையிலிருந்து நெத்திலி சம்பல் டப்பா வெளியே வந்தது. தாத்தா ஒரு ஸ்பூன் சாப்பிட்டு மிச்ச டிஷ்யூவையும் தீர்த்தார்.

செப்பேட்டுக் கதையைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் படகில் ஏறி ஊரையாவது பாருங்கள்" என்று அனுப்பி வைத்தவரும் அந்தத் தாத்தாதான்.

படகிலும் நான் போனும் கையுமாகத்தான் இருந்தேன். மகனுக்கு அப்போது பதினான்கு மாதம். அவனை விட்டுவிட்டு வந்தது அதுதான் முதல் தடவை. பால் குடித்தானா, ஜுரம் இருக்கிறதா... கணவருக்கு அது ஐந்தாவது போன் கால்.

அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டார். "பிள்ள இப்பதான் தூங்குறான்னு சொல்றாருல்ல? எழுப்பிவிட்டு, தூங்குறானான்னு கேக்கப் போறியா?"

அந்தப் போனாலேயே எங்களைப் படம் எடுக்க ஆரம்பித்தார். எங்களைப் பார்த்தபடி, படகு போகும் திசைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு.

"சிரிங்கலா! ட்ரெய்னிங்ல உக்காந்த மாதிரியே இருக்கீங்க!"

அவருக்குப் பின்னால் தாழ்வான கல் பாலம். படகுக்காரர் கத்தினார், நாங்கள் எல்லாரும் கத்தினோம். அக்கா பட்டென்று குனிந்தார். ஒரு கை தலைமேல், ஒரு கையில் என் போன், வாய் நிறையச் சிரிப்பு.

அந்த நொடியை, அன்று கூட வந்த உங்களில் யாரோ ஒருவர்தான் எடுத்தீர்கள். அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் அந்தப் படம் கைமாறிக் கைமாறி வந்தது. யார் போன் என்றுதான் எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. என் பழைய போனை மகன் தண்ணீர் வாளிக்குள் போட்டுவிட்டான்; அதில் இருந்ததும் எங்கள் முகங்கள்தான், அக்கா இல்லை.

போய் வாங்க அக்கா. அங்கேயும் டிஷ்யூ வைத்து நல்ல இடமாகப் பிடித்து வையுங்கள். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

அன்று வந்தவர்கள் எல்லாரையும் டேக் செய்திருக்கிறேன். காலை பத்து மணிக்குள் சிராங்கூன் ரோட்டு போட்டோக் கடையில் படத்தைக் கொடுத்தால்தான் சர்ச்சில் அடக்கத் திருப்பலிக்கு முன் பெரிதாக்கித் தருவார்கள். உங்கள் போனில் தேடிப் பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் சீக்கிரம் பதில் போடுங்கள். நான் விழித்துத்தான் இருக்கிறேன்.