மத்தியான மருந்து

என் மனைவியின் வலிக்குக் கொடுத்த மருந்தை நான் அவளுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தேன். மறந்துபோய் அல்ல. தெரிந்தே! புட்டி என் கைக்கெட்டும் இடத்தில்தான் இருந்தது.

சொல்லிவிட்டேன். இனி நீங்கள் எழுந்து போவதானால் போகலாம்... இருப்பதானால் மிச்சத்தையும் கேளுங்கள்.

எண்பதுகளின் கடைசி. மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்துச் சிம்பாங் பூலாயில், கல்லுமலைக்குக் கீழே, ஒரு பலகை வீட்டில் இருந்தோம். நான் லோரி ஓட்டி. ஈப்போவில் சரக்கு ஏற்றினால் ஜொகூர்வரை போவேன். வீடு என்பது எனக்குக் குளித்துச் சட்டை மாற்றும் இடம். என் மனைவி அஞ்சலை கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரப் பட்டை வெட்டிப் பால் எடுத்தவள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோதுதான் இங்கே வந்து சேர்ந்தோம்.

அவளுக்கு வயிற்றில் புற்று. ஆஸ்பத்திரியில் திறந்து பார்த்தார்கள், தைத்து மூடினார்கள், வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னார்கள். நான் லோரிச் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு அவள் கட்டிலருகே உட்கார்ந்தேன். கல்யாணமாகி இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவள் முகத்தை நான் சேர்ந்தாற்போல் பார்த்தது அப்போதுதான். வெட்கமாக இல்லையா என்பீர்கள். இருந்தது. இப்போது அதுவும் மரத்துப்போய்விட்டது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு மிஸ்ஸி பழைய காரில் வந்து போவார். இங்கே நர்சை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். காசு வாங்கமாட்டார். குணப்படுத்த முடியாதவர்களைக்கூட வீட்டில் வைத்து நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்பதே எங்களுக்கு அவரால்தான் தெரியும். படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது, காய்ந்த உதட்டை ஈரப் பஞ்சால் ஒற்றுவது எல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒரு நாள் பழுப்புப் புட்டியில் மருந்துத் தண்ணீர் கொண்டுவந்தார். மார்பின்.

“தம்பி, இது வலி வந்தப்புறம் குடுக்குற மருந்து இல்ல. வலி வராம இருக்கக் குடுக்குறது. நேரம் தவறக் கூடாது. தூங்குறாங்களேன்னு பயப்படாதீங்க.”

இரவிலும் விடியலிலும் மருந்து கொடுப்பது அஞ்சலையின் தங்கை பாக்கியம். காலையில் அவள் பட்டறைக்கு வேலைக்குப் போய்விடுவாள். மத்தியான மருந்து என் பொறுப்பு.

மருந்து நன்றாகவே வேலை செய்தது. அஞ்சலையின் முகச் சுருக்கம் விரிந்தது. தூங்கினாள். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்... எனக்கோ அந்த வீட்டின் அமைதி தாங்கவில்லை!

மருந்துக்கு முந்திய அரைமணி நேரம்தான் அவள் பேசுவாள். வலி மெல்லத் தலைகாட்டும் நேரம் அது. ஒரு மத்தியானம் எங்கள் முதல் பிள்ளையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். எங்களுக்குப் பிறந்த ஒரே பிள்ளையும் அதுதான். தோட்டத்து வீட்டில் குறைமாதத்தில் பிறந்து, அன்று சாயங்காலமே போய்விட்டது. நான் அப்போது ஜொகூரில். திரும்பி வருவதற்குள் புதைத்துவிட்டிருந்தார்கள். ‘நடந்தது நடந்துபோச்சு, விடு’ என்று சொல்லிவிட்டு அன்றே சாப்பிட்டுத் தூங்கியவன் நான்.

“அன்னிக்கு முழுக்க மடியிலதான் வச்சிருந்தேன்,” என்றாள் அஞ்சலை. “பேரு வச்சேன். காதுல மூணு தடவ சொன்னேன்.”

“என்னா பேரு?”

“இப்பதான் கேக்கத் தோணுச்சா உங்களுக்கு?” என்று லேசாகச் சிரித்தாள். அதற்குள் நான் மருந்தைக் கொடுத்துவிட்டிருந்தேன். தூங்கிப்போனாள்.

மறுநாள் மத்தியானம் நான் புட்டியைத் திறக்கவில்லை.

“என்னாங்க... மருந்து?”

“இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும், புள்ள. நீ பேசு.”

பேசினாள். பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். பேரைச் சொன்னாள். அதை நான் இங்கே சொல்லமாட்டேன். எப்படி வாங்கிய பேர் அது!

அத்தோடு நிறுத்தினேனா? இல்லை. அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும்... நான் இல்லாத வீட்டில் அவள் எப்படி வாழ்ந்தாள் என்று ஒவ்வொன்றாய்க் கேட்டேன். சொன்னாள். வலி ஏற ஏற என் கையைப் பிடித்துக்கொள்வாள். “என்னாங்க... என்னாங்க” என்பாள். தூக்கத்தில் அவள் என்னைக் கூப்பிடுவதில்லை. வலியில்தான் கூப்பிட்டாள். நான் அவளுக்கு வேண்டியவனாக இருந்தது அந்த நேரத்தில் மட்டும்தான். அதற்காகவே தள்ளிப்போட்டேன்.

‘அது போதை மருந்துலா மச்சான், பழகிப்போயிடும்’ என்று அவளுடைய தம்பி ஒருமுறை சொல்லியிருந்தான். அதைச் சாக்காக வைத்துக்கொண்டேன். சாகப் போகிறவளுக்கு என்ன பழகிப்போய்விடும்? எனக்குத் தெரியாதா? தெரியும்.

கடைசியாக ஒரு மத்தியானம் அவளிடம் கதை எதுவும் இல்லை. வியர்வையில் தலையணை நனைந்திருந்தது.

“குடுத்துடுங்களேன்... உங்க கால்ல வேணும்னாலும் விழுறேன்.”

எழுந்திருக்கவே முடியாதவள் அதைச் சொன்னாள். கொடுத்தேன். உடனே அல்ல... சற்றுப் பொறுத்து.

மறுநாள் மிஸ்ஸி வந்தார். அன்று பாக்கியமும் லீவில் இருந்தாள். மிஸ்ஸி புட்டியைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். “இந்நேரம் முடிஞ்சிருக்கணுமே. மருந்து ஒழுங்கா குடுக்கலையா?”

பாக்கியம் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன்.

“நாந்தான் வேணாம்னேன், மிஸ்ஸி,” என்றது கட்டிலிலிருந்து ஒரு குரல். “கசக்குது. அவரு பாவம்... குடி குடின்னு கெஞ்சுனாரு. நாந்தான் கேக்கல.”

அதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. மிஸ்ஸியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மிஸ்ஸி அளவைக் கூட்டினார், பக்கத்தில் உட்கார்ந்து தானே புகட்டினார். பட்டறையில் சொல்லிவிட்டுப் பாக்கியம் பகலிலும் தங்கிவிட்டாள். அப்புறம் ஒரு வேளைகூடத் தவறவில்லை. அஞ்சலை வலியில்லாமல்தான் போனாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பேச முடியவில்லையா, பேசப் பிடிக்கவில்லையா? அதை மட்டும் எந்த மருந்தை நிறுத்தியும் நான் கேட்டிருக்க முடியாது.

அந்தப் பொய் என்னைக் காப்பாற்றவா? இல்லை, இவனிடம் பேசி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாளா? இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இப்போது கேட்கும்போது நெஞ்சில் ஒன்றும் அசைவதில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

சாவு வீட்டில் பந்தலுக்கடியில் உட்கார்ந்திருந்தேன். பாக்கியம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். “அத்தான் இருக்காரே, அவர மாதிரி யாரு பாத்துக்குவா? மருந்து குடிக்கச் சொல்லிக் கெஞ்சுவாராம்லா. அக்காவே சொன்னிச்சு.”

ஒரு பெரியவர் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “குடுத்து வச்சவ உன் பொண்டாட்டி,” என்றார்.

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.