டைரியில் அம்மாவுக்கான கோடு

கொத்தமல்லித் தழையைச் சோப்புத் தண்ணீரில் அலசிய மனிதரோடு ஒன்றரை வருடம் ஒரே வீட்டில் அடைந்துகிடந்தேன். என் கணவர்தான். ரசத்தில் நுரை வந்தது, குடித்தோம். பால் பாக்கெட்டை வெயிலில் வைத்தார், திரிந்தது. செய்தித்தாளை இஸ்திரி போட்டுத்தான் படித்தார். அப்போதெல்லாம் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கும் சேர்த்துத்தான் பின்னால் கோபம் வந்தது.

பிரேசர் டவுனில் மூன்றாம் மாடி எங்கள் வீடு. மகளின் ஒன்பதாம் வகுப்பு முழுவதும் படுக்கையறை மூலையில், உள்ளங்கை அகலக் கைபேசிக் கண்ணாடிக்குள் நடந்து முடிந்தது. கேமராவை அணைத்து வைத்திருப்பாள், மைக்கை அணைத்து வைத்திருப்பாள். போகப்போக வாயையும். சாம்பார் வேண்டுமா என்றால் தலையாட்டினாள், சில மாதம் கழித்து அதுவும் இல்லை, தட்டை மட்டும் நகர்த்தினாள். வாசலில் யாராவது வந்தால் என் முந்தானையை இழுத்துக்கொண்டு முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள், பதினாலு வயதில். பத்தாம் வகுப்புக்குப் பள்ளி திறந்தார்கள். மூன்றாவது வாரம் ஒரு நாள் மாலை, படியேறும்போதே கத்திக்கொண்டு வந்தாள். பக்கத்து பெஞ்சுக்காரி இவள் பேனா மூடியைக் கடித்துத் துப்பிவிட்டாளாம். அடுப்பை அணைத்துவிட்டு நின்றேன். பேனா மூடியின் கதையை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். இந்தக் குரலை இனி யாரும் பிடுங்க விடமாட்டேன் என்று அன்றைக்கு நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது.

பிடுங்க வந்தவர்கள் பெற்றோர்கள். என்னைப்போல, பிள்ளைக்காக உயிரை விடுகிறவர்கள்.

முதல் சண்டை முகக்கவசத்துக்கு. விளையாட்டு நேரத்திலும் பாட்டு வகுப்பிலும் கட்டாயமா இல்லையா என்று கேட்டுப் பள்ளித் திடலில் எங்களை உட்கார வைத்தார்கள், இரண்டு நாற்காலிக்கு நடுவே ஒரு நாற்காலி காலி. வேண்டாம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். தூக்கினேன். வேண்டும் என்பவர்கள் என்றதும் காலி நாற்காலிக்கு அந்தப் பக்கம் கணவர் கை தூக்கினார், மூக்கின் மேல் இரண்டு கவசம், ஒன்றின் மேல் ஒன்று.

"ஒரே வீட்ல ரெண்டு கட்சியா மேடம்?" என்றது பின் வரிசை. "நைட்டு யாரு சமையல்?"

சிரித்தார்கள். கவசத்துக்குள் சிரிப்பு தெரியாது என்று நினைத்துக்கொண்டு வெகு நேரம் சிரித்தார்கள். கவசத்தை முழங்கையில் மாட்டியிருந்த ஓர் உயரமான அப்பா எழுந்து நுரையீரலைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். எனக்கு வேண்டியதைப் பேசினார் என்பதால் கை தட்டினேன். அந்தக் கைதட்டலை இன்றைக்கும் திரும்ப வாங்கிக்கொள்ளத் தோன்றுகிறது. தன் மாமியார் மாமனாரை நான் கொல்லப் பார்க்கிறேனா என்று ஓர் அம்மா எனக்குப் பெற்றோர் வாட்ஸப் குழுவில் எழுதினாள். குழுவில் அன்று மட்டும் முந்நூற்றுச் சொச்சம் செய்திகள், அதில் பிள்ளைகளின் பெயர் ஒன்றுகூட இல்லை.

இரண்டாவது சண்டை தடுப்பூசிக்கு. பத்து நாள் கழித்து வந்தது. பதினைந்து முடிந்தவர்களுக்குப் பள்ளியிலேயே முகாம், பெற்றோர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வேண்டும். கட்டாயம் இல்லை என்று சுற்றறிக்கையில் ஒரு வரி. அதற்கு அடுத்த வரி, போட்டுக்கொள்ளாதவர்கள் தேர்வு வரை வகுப்புக்கு வராமல் வீட்டிலிருந்தே பாடம் கேட்கலாம். கேட்கலாமாம். எவ்வளவு மரியாதையான கதவடைப்பு.

கட்சிகள் ஒரே நாளில் இடம் மாறின. என்னைக் கொலைகாரி என்றவள் எனக்கு இதயம் இதயமாக அனுப்பினாள். நுரையீரல்காரர் தடுப்பூசி எதிர்ப்பு அணிக்குத் தலைவரானார், பள்ளி வாசலில் என் கணவரின் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றார். பத்து நாள் முன்பு இவரைப் பார்த்துச் சிரித்தவர்தான். கணவர் அந்தக் கையை எடுத்துவிடவில்லை. நோய்க்குப் பயந்து காய்கறியைச் சோப்புப் போட்டுக் கழுவியவர், நோயைத் தடுக்கும் ஊசிக்கு அதைவிடப் பயந்தார்.

பைத்தியக்காரத்தனம் என்று சொல்லிவிட்டு நகர முடிந்திருந்தால் எனக்குச் சுலபம். அவருடைய அண்ணன் ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்தவர். இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்த அண்ணனை, கைபேசியில் பதிவு செய்து, வண்டியில் பின்னால் உட்கார வைத்து ஊசிக்குக் கூட்டிப்போனவர் இவர். இருவரும் அன்று போட்டுக்கொண்டார்கள். மூன்றாம் நாள் அண்ணனுக்குக் காய்ச்சல். ஐந்தாம் நாள் சோதனையில் கொரோனா உறுதியானது. பன்னிரண்டாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து பாலித்தீன் உறைக்குள் வெளியே வந்தார். ஊசி போடும் முன்பே நோய் உள்ளே வந்திருக்கும், ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் உட்கார வைத்துச் சொன்னார். நான் அதை நம்புகிறேன். கணவர் தலையாட்டிவிட்டு வந்தார், இரண்டாவது தவணைக்கு இன்று வரை போகவில்லை.

வீட்டில் மூன்று நாள். சத்தம் போட்டுச் சண்டை போடும் குடும்பம் இல்லை எங்களுடையது, பாத்திரங்கள்தான் பேசும். மூன்றாம் நாள் பாத்திரங்கள் போதவில்லை.

"ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்றார்.

"வீட்லயே வெச்சு ஊமையாக்கிட்டா அதுக்கு யாரு பதில் சொல்றது?"

"அண்ணன்கிட்டயும் இப்பிடித்தான் பேசிப் பேசிக் கூட்டினு போனேன்."

பதில் இல்லாத கோபம் எவ்வளவு கேடுகெட்டது என்று அன்று தெரிந்துகொண்டேன். "உங்க அண்ணனுக்காக எம்பொண்ணு மூலையில உக்காரணுமா" என்றேன். அவர் எழுந்துபோய்க் கை கழுவினார். இருபது விநாடி, விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு. முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து கழுவினார். மகள் அவள் மூலையில் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் அவளுக்காகத்தான் பேசினோம், அவளிடம் யாரும் கேட்கவில்லை. குழுவை மட்டும் நான் ஏன் ஏச வேண்டும்?

மறுநாள் படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். பெற்றோர் என்றுதானே போட்டிருக்கிறது. நான் பெற்றவள்.

படிவம் மாலையில் திரும்பி வந்தது. என் கையெழுத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பள்ளி டைரியின் இரண்டாம் பக்கத்தில் மாதிரிக் கையொப்பம் என்று மூன்று கோடுகள் இருக்கும். அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, காப்பாளருக்கு ஒன்று. விடுப்புக் கடிதமோ மதிப்பெண் அட்டையோ, எது போனாலும் அந்தக் கோட்டோடு ஒப்பிட்டுத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு ஜூனிலும் சாப்பாட்டு மேசையில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து புத்தகங்களுக்குப் பழுப்பு அட்டை போடுவோம். வெட்டுவது, மடிப்பது, ஒட்டுவது நான். கையெழுத்து அவர். அம்மா கோட்டில் நீயும் போடேன் என்று அவர் முதல் வருடம் டைரியை நீட்டினார். கை முழுக்கப் பசை. ஒருத்தர் போட்டால் போதாதா என்றேன். அதற்கப்புறம் அவர் நீட்டவில்லை, நானும் கேட்கவில்லை. பத்து ஜூன், பத்து டைரி, பத்துக் காலிக் கோடு. எழுதிப் பிழைக்கிறவள் நான், என் புத்தகங்களின் முதல் பக்கத்தில் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

முகாமின் கடைசி நாள் காலை, மகளோடு பள்ளி அலுவலகத்துக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்மணிக்கு என் வயதிருக்கும். கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பவர். டைரியை வாங்கிப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார்.

"ஆகல்ல மேடம், முடியாது. உங்க சைன் இதுல இல்லையே."

இப்போது போடுகிறேன், பேனா கொடுங்கள் என்றேன். வருடத்தின் நடுவில் சேர்க்க வேண்டுமென்றால் அப்பாவின் கடிதம் வேண்டுமாம். அம்மாவின் கையெழுத்து அம்மாவுடையதுதான் என்று அப்பா கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். உள்ளே தலைமையாசிரியையிடம் போனேன். அவர் அன்பாகப் பேசினார். பெற்றோர்களுக்குள்ளேயே இவ்வளவு கருத்து வேறுபாடு இருக்கும்போது பள்ளி கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது, உங்களுக்குப் புரியும், சாரை ஒரு போன் செய்யச் சொல்லுங்களேன் என்றார். பிரசவ அறையில் என்னை யாரும் மாதிரிக் கையொப்பம் கேட்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். மகள் என் முந்தானையை இழுத்தாள். வாசலில் ஆள் வந்தால் இழுப்பாளே, அதே இழுப்பு.

அது போதும் எனக்கு.

வெளியே வந்தேன். அலுவலகப் பெண்மணி என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு புதுப் படிவத்தை மேசை மேல் தள்ளினார். "இத எடுத்துக்கோங்க. சார் கிட்ட சைன் வாங்கினு வாங்க. பத்து நிமிஷத்துல வந்துட்டா பரவால்ல, நர்ஸ் கௌம்பிடுவாங்க." கணவரின் அலுவலகம் நகரத்தின் மறுகோடியில் இருக்கிறது, டைரியின் முதல் பக்கத்திலேயே முகவரி உண்டு, அதை அந்தப் பெண்மணி இப்போதுதான் புரட்டினார். கவசத்துக்கு மேலே கண்கள் என்னைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தன.

எதிரே ஒரு பேக்கரி. தேங்காய் பன் வாசனையும் ஈயும் மொய்க்கும் கண்ணாடிப் பெட்டி மேல் டைரியைத் திறந்து வைத்தேன். கணவருடைய கையெழுத்து கொக்கியில் தொடங்கும், நடுவில் இரண்டு அலை, கடைசியில் கோபமே இல்லாத ஒரு புள்ளி. பதினெட்டு வருடமாகக் காசோலையிலும் கல்யாணப் பதிவேட்டிலும் பார்த்த கையெழுத்து. ஒத்திகைகூடத் தேவைப்படவில்லை, படிவத்தில் முதல் தடவையே வந்தது. என் கை அதை எப்போது கற்றுக்கொண்டது என்று நினைக்க உடம்பு கூசியது.

அலுவலகப் பெண்மணி ஒப்பிட்டார். முத்திரை விழுந்தது. நிஜமான கையெழுத்தைச் சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பியவர்கள், பொய்க் கையெழுத்தை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்கள்.

மகள் சட்டைக் கையை மடித்தபடி திரும்பி வந்தாள், பஞ்சை அழுத்திக்கொண்டு.

"அப்பா வந்தாரா?"

"இல்ல."

"ம்" என்றாள். பேக்கரியைத் தாண்டும்போது செய்ததைச் சொன்னேன். கொஞ்ச தூரம் நடந்ததும், "வலிக்கல" என்றாள்.

மாலை அவளுக்கு லேசாகக் காய்ச்சல். கணவர் அலுவலகத்திலிருந்து வந்து பை வைக்கும் முன் அவளே சொல்லிவிட்டாள், ஒரு வரி விடாமல், பேக்கரி உட்பட. கத்துவார் என்று இடுப்பில் கை வைத்து நின்றேன். கத்தத் தயாராக நானும் நாலு வாக்கியம் வைத்திருந்தேன். அவர் கை கழுவிவிட்டு வந்து அவள் விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கருவியை மாட்டினார். எண் சரியாகத்தான் இருந்தது. கழற்றினார், துடைத்தார், அடுத்த விரலில் மாட்டினார். பத்து விரலும் பார்த்தார். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார்.

"ஏதாவது ஆயிருந்தா அந்தப் பேப்பர்ல உன் கையெழுத்து இருந்திருக்காது. அண்ணனுக்கு அப்புறம், ரெண்டாவது தடவையும் என்னோடதுதான் இருந்திருக்கும்."

என் நாலு வாக்கியமும் அங்கேயே செத்தன. ஆனாலும் சொல்கிறேன், கோபம் சாகவில்லை. எனக்கு அவர்மேல் இருந்த கோபத்தை அவருடைய துக்கம் எத்தனை தடவை திருடிக்கொள்ளும்?

காய்ச்சல் மறுநாளே விட்டது. அந்த வாரமே அவள் தன் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். தேர்வு வரை ஒவ்வொரு மாலையும் படிக்கட்டில் அவள் குரல் அவளுக்கு முன்னால் ஏறி வந்தது. அப்பாவும் மகளும் பேசிக்கொண்டார்கள், அவளும் நானும் பேசிக்கொண்டோம். நானும் அவரும் எரிவாயு, தண்ணீர் லாரி, மின் கட்டணம் பேசினோம். குழுவில் எல்லோரும் எல்லாவற்றையும் மறந்து பிரியாணிக்கும் பிரிவு விழாவுக்கும் தேதி பார்த்தார்கள். நுரையீரல்காரர் எல்லோருக்கும் முந்தி, தன் மகனுக்கு இரண்டு தவணையும் தனியாரில் போட்டுவிட்டிருந்தாராம்.

பதினொன்றாம் வகுப்புக்கும் அதே பள்ளி. ஜூன் வந்தது, மேசை மேல் பழுப்பு அட்டை, பசை, புது டைரி. இந்தத் தடவை முதலில் டைரியை எடுத்தேன். கையில் பசை படும் முன், அம்மா கோட்டில், கோட்டைத் தாண்டி வெளியே வரும் அளவுக்குப் பெரிதாகப் போட்டேன். அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் ஒரு புத்தகத்தை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். பத்து வருடத்தில் முதல் தடவை. மூலை கோணலாக வந்தது.

நான்கு நாளில் டைரி திரும்பி வந்தது. என் கையெழுத்துக்கு மேலே, காலிக் கோட்டைச் சுற்றி அதே சிவப்பு வட்டம். தந்தை கையொப்பம் விடுபட்டுள்ளது.

டைரியைத் திறந்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். பேனாவையும் வைத்தேன். சட்னியை வழித்துச் சாப்பிட்டு முடித்தார். எழுந்துபோய்க் கை கழுவினார், இப்போதெல்லாம் இருபது விநாடி ஆவதில்லை.

"நீயே போட்டுடேன்" என்றார், துண்டில் துடைத்துக்கொண்டே. "உனக்குத்தான் நல்லா வருதே."

மகள் என்னைப் பார்த்தாள், பேனாவைப் பார்த்தாள். நான் போடவில்லை. அவரும் போடவில்லை. அந்த வருடம் முழுக்க டைரி வாரம் ஒரு முறை சிவப்பு வட்டத்தோடு வந்து போய்க்கொண்டிருந்தது.