அம்மனுக்குத் தமிழ் புரியுமா

எனக்கு அப்போது எட்டு வயது. மத்திகிரியில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். தருமபுரிப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்காக வந்த குடும்பம்.

அப்பாவின் வலது கை பிரஸ் மெஷினில் மாட்டிக்கொண்டது. விரல்கள் தப்பின. ஆனால் தையல் பிரித்த பிறகும் மடங்கவில்லை. பொங்கலுக்குள் கையில் பிடிமானம் வந்தால் வேலை, இல்லாவிட்டால் வேறு ஆள் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். வேலை போனால் ஊருக்குத் திரும்ப வேண்டும். ஊரில் எங்களுக்கு ஒன்றும் இல்லை.

அம்மா அழவில்லை. செவ்வாய்தோறும் தெருக்கோடி அம்மன் கோயிலுக்குப் போனாள். வீட்டில் களி கிண்டி இறக்கியதும் சட்டியை அப்பா முன்னால் நகர்த்துவாள்.

"உருண்டை புடிங்க."

"சுடுது புள்ள."

"சுடட்டும். விரலு மடங்கணும்ல."

அப்பா பிடித்தது மண்ணாங்கட்டி மாதிரி இருக்கும். அதையே பிட்டுத் தின்போம்.

ஒரு செவ்வாய் அம்மா கிளம்பும்போது அப்பா வம்புக்கு இழுத்தார்.

"பூசாரி சாமிகிட்ட தெலுங்குலதான் பேசறாரு. அந்த அம்மனுக்கு உன் தமிழு வெளங்குமா?"

"உங்களுக்கே வெளங்குது. சாமிக்கு வெளங்காதா?"

இருவரும் சிரித்தார்கள். நான் அதை நிஜமென்றே நம்பிவிட்டேன். அம்மா இத்தனை வாரம் வேண்டியது வீண்தானா?

வீட்டுக்கார அக்காவுக்கு வீட்டில் பேச்சு தெலுங்குதான். அவரிடம் ஓடினேன். எங்கப்பா கையைச் சரி பண்ணும்மா என்பதைத் தெலுங்கில் எப்படிச் சொல்வது என்று கேட்டேன். அக்கா ஒரு நொடி என்னையே பார்த்தார். சிரிக்காமல் சொல்லிக்கொடுத்தார்.

அடுத்த செவ்வாய் அம்மா பூக்கேட்கப் போனாள். அம்மனின் இரண்டு தோளிலும் ஈரப் பூவை ஒட்டிவைப்பார்கள். வலது பூ விழுந்தால் நடக்கும். இடது விழுந்தால் நடக்காது. அம்மா வற்புறுத்தியதால் அப்பாவும் வந்தார். உள்ளே வரவில்லை. கையைத் துண்டால் மூடிக்கொண்டு வாசல் கம்பத்தருகே நின்றார். வாய் மட்டும் அசைந்தது. வெற்றிலை மெல்கிறார் என்று நினைத்தேன்.

நெடுநேரம் பூ விழவில்லை. பிறகு இடது பூ கொஞ்சம் சரிந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். என்னால் தாங்க முடியவில்லை.

"தல்லி! மா நாயன செய்யி பாகு செய்யம்மா!" என்று கத்தினேன்.

கோயிலே சிரித்தது. பூசாரியும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வலது பூ விழுந்தது. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றிலிருந்து அப்பா சுடுகிறது என்று சொல்லவில்லை. பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் ஒரு உருண்டை உருண்டையாகவே வந்தது. அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். கம்பெனியில் அப்பாவைப் பேக்கிங் வேலையில் போட்டார்கள். போதும் என்றார்.

என் தெலுங்கால்தான் கை சரியானது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அப்பா மறுக்கவே இல்லை. "ஆமா, எம் பொண்ணு கேட்டுதான் அம்மன் குடுத்தா" என்பார்.

என் கல்யாணத்துக்கு வந்த வீட்டுக்கார அக்கா, பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

"நீ தெலுங்குல சொல்லிக்குடுக்கக் கேட்டியே கண்ணு, அதுக்கு முந்தின நாளே உங்கப்பா வந்து அதையே கேட்டுக்கினு போனாரு. யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னாரு. மறந்துடுமோன்னு நாலு வாட்டி சொல்லிப் பாத்துக்கினாரு."

அப்பாவுக்கு வெற்றிலைப் பழக்கமே கிடையாது. அது எனக்கு எட்டு வயதிலேயே தெரிந்திருந்தும், கம்பத்தருகே அவர் வாய் ஏன் அசைந்தது என்று அன்று யோசிக்கவில்லை.