பஸ்ஸில் எழுந்த குரல்

மாத்தளைக்குப் பக்கத்தில் பலாபத்வலையில் ஒரு மசாலாக் கடையில் வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கண்டிக்குப் போய் மேடையில் ஸ்டாண்ட்-அப் காமெடி செய்வேன். முதல் தடவை ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ஆனாலும் ஓடாமல் பேசி முடித்தேன்.

ஒரு மாலை அங்கிருந்து மாத்தளை பஸ்ஸில் திரும்பினேன். உக்குவளை தாண்டியதும் எனக்கு முன்னால் ஒருவன் தன் மனைவியின் முடியைப் பிடித்து, முகத்தை ஜன்னல் கம்பியில் மோதினான். அவள் மூக்கிலிருந்து இரத்தம் கொட்டியது. பஸ் நிறைய ஆட்கள். யாரும் வாய் திறக்கவில்லை.

"அவங்கள விடுங்க!" என்று எழுந்தேன்.

"என் பொண்டாட்டி. நீ யாருடி கேக்க?" என்று வாயிலேயே அறைந்தான். என் உதடு கிழிந்தது. ஆனால் சிரிக்காத கூட்டத்தின் முன் நின்று பழகியவள் நான், உட்காரவில்லை. கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, தமிழிலும் சிங்களத்திலும் சொன்னேன்: "கண்டக்டர் அண்ணே, பஸ்ஸ நிப்பாட்டுங்க! எல்லாரும் பாத்துக்கிட்டே இருந்தா இவன் கொன்னுருவான்!"

பஸ் நின்றது. இரண்டு பேர் பாய்ந்து அவன் கைகளை முறுக்கினார்கள். கண்டக்டர் அவனை ரோட்டில் தள்ளிவிட்டுக் கதவை அடைத்தார்.

மாத்தளையில் இறங்கியதும் அவளிடம் கேட்டேன்: "அக்கா, பொலிசுக்குப் போறீங்களா? நானும் வரவா?"

"வாங்க தங்கச்சி. ஆனா நான்தான் பேசுவேன்."

பொலிசில் அவள் குரல் முதலில் உடைந்தது, பிறகு உறுதியானது. நான் குறுக்கிடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறகு மேடையில் எனக்குக் கிடைத்த கைதட்டல்கள் மறந்துபோகலாம். அவளுடைய அந்தக் குரல் மறக்காது.