இம்போர்ட்டட்

ஊரில் என்ன கவலை ஓடினாலும் எங்கள் வீட்டுக்குள் அது கேலியாகத்தான் நுழையும். ரிட்ரெஞ்ச்மென்ட் என்று பல பேருக்கு வேலை போன ஒரு வருடம், ஓடாத மின்விசிறியை அப்பா "இவனை ரிட்ரெஞ்ச் பண்ணியாச்சு" என்று சொல்லித் தூக்கிப் போட்டார். வேலை இழந்திருந்த எதிர்வீட்டுக்காரர் அப்போது வாசலில்தான் நின்றிருந்தார். நாங்கள் சிரித்தோம்.

அப்பா போன பிறகு அந்த வாய் எனக்கு வந்தது.

கொரோனா காலத்தில் லிட்டில் இந்தியாவில் ஒரு கிளினிக்கின் முன்மேசையில் இருந்தேன். "காய்ச்சல் இருக்கா? வெளிநாடு போயிட்டு வந்தீங்களா?" என்று நாள் முழுக்கக் கேட்பேன். உட்லண்ட்ஸ் வீட்டுக்குத் திரும்பினால் தொலைக்காட்சியில் அன்றைய நோயாளிகளைப் பிரித்துச் சொல்வார்கள். வெளிநாட்டிலிருந்து நோயோடு வந்து இறங்கியவர்கள் தனிக்கணக்கு. அவர்களுக்குப் பெயர் இம்போர்ட்டட் கேஸ்.

அப்போதுதான் தம்பியின் புது மனைவி தஞ்சாவூரிலிருந்து வந்தாள். ஹோட்டல் அறையில் பதினான்கு நாள் தனியாக அடைந்து கிடந்துவிட்டு, பெட்டியோடு வாசலில் நின்றாள். அவர்களுக்காக என் அறையை நான் காலி செய்து கொடுத்திருந்தேன். அந்த எரிச்சல் இருந்தது.

"அம்மா, நம்ம வீட்டு இம்போர்ட்டட் கேஸ் வந்தாச்சு லா" என்றேன்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தம்பி கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவளும் சிரித்தாள். அன்றிலிருந்து அவள் எங்களுக்கு 'இம்போர்ட்டட்'தான். "இம்போர்ட்டட், தண்ணி கொண்டா." "இம்போர்ட்டட் குளிச்சாச்சா?" கூப்பிட்டால் வந்தாள்.

ஒருநாள் துணி மடிக்கும்போது சொன்னாள். "எங்க ஊர்ல இம்போர்ட்டட்னா ஒசத்தி அண்ணி. எங்கப்பா ஒரு வாட்ச் வச்சிருந்தாரு. இம்போர்ட்டட்னு எல்லார்கிட்டயும் காட்டுவாரு. இங்கயும் அப்படித்தானே?"

"ஆமா, அப்படித்தான்" என்றேன். மறுநாள் கிளினிக்கில் இதைச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தேன்.

கட்டுப்பாடுகள் தளர்ந்ததும் சமூக மன்றத்தில் ஆங்கில வகுப்புக்குப் போனாள். முதல் நாள் எல்லாரும் எழுந்து தங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பயிற்சி செய்ததை நான் கேட்டேன். 'ஐ ஆம் இம்போர்ட்டட் ஃப்ரம் தஞ்சாவூர்.' திருத்தவில்லை.

வகுப்பே சிரித்திருக்கிறது. பக்கத்தில் இருந்த மலாய்க்கார அம்மா ஒருவர்தான், வெளியே அழைத்துப் போய், அது சரக்குக்கும் நோய்க்கும் சொல்கிற சொல் என்று அர்த்தம் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்தவள் நேராகச் சமையலறைக்கு வந்தாள்.

"நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே அண்ணி."

"ஜோக்குதானே. அப்ப எல்லாருமே அப்படித்தான் பேசிக்கிட்டு இருந்தாங்க."

"எல்லாரும் என்னைச் சொல்லல. நீங்கதான் சொன்னீங்க."

தம்பி கூடத்திலிருந்து, "ரெண்டு பேரும் விடுங்களேன்" என்றான். அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அரிசியைக் களைய ஆரம்பித்தாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறாளே என்று அம்மாவிடம் குறைபட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு எந்தச் சொல்லுக்கும் அவள் என்னிடம் அர்த்தம் கேட்கவில்லை.

சுவா சூ காங்கில் வீடு கிடைத்து அவர்கள் போய்விட்டார்கள். குழந்தை பிறந்தது. இப்போது எங்கு போனாலும் விலைவாசிப் பேச்சுதான். போன மாதம் அம்மாவும் நானும் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தோம். நன்றாகக் கொழுகொழுவென்று வளர்ந்திருந்த பேத்தியை அம்மா மடியில் தூக்கி வைத்து, "என் குட்டி இன்ஃப்ளேஷனே, நாளுக்கு நாள் ஏறிக்கிட்டே போறியே" என்று கொஞ்சினார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்பிக்கும்தான்.

அவள் வந்து குழந்தையை அம்மாவின் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை.

"அவளுக்குப் பேர் இருக்கு அத்தை. நானே யோசிச்சு வச்ச பேரு. அதைச் சொல்றவங்க தூக்கினா போதும்."

குழந்தையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மாவின் கைகள் மடியில் அப்படியே இருந்தன. தம்பி எங்களை லிஃப்ட் வரை வந்து அனுப்பிவைத்தான்.

இப்போதெல்லாம் போவதற்கு முன் கேட்டுக்கொள்கிறோம். பெரும்பாலும் அந்த வாரம் அவளுக்கு நேரம் இருப்பதில்லை.